ஒலிக்காத எழுத்து

வியாழன் இரவு இறக்கத் தொடங்கினேன்.
பதினோரு ஜிபி.
கிளாக்ஸ்விக்கில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
ஏழு நிமிடம் மீதம் என்றது திரை.
நாற்பது நிமிடமாக அதே ஏழு நிமிடம்.

பிறகு கறுப்பு.
பிறகு வெளிச்சம், நடுவில் ஒரு வணக்கம்.
மொழி மொழியாக மாறி வணங்கியது.
டேனிஷ் வந்தது, ஐஸ்லாண்டிக் வந்தது,
எங்கள் முறை வரும் என்று
காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
சுற்று முடிந்து மறுபடி ஆங்கிலத்தில் ஆரம்பித்தது.
சரி, இருக்கட்டும். வணக்கம்.

மூலைகளை எல்லாம் உருட்டி வைத்திருக்கிறார்கள்,
குழந்தை இடித்துக்கொள்ளும் என்று பயந்தவர்கள் போல.
குப்பைத்தொட்டி இடம் மாறியிருக்கிறது.
பட்டைகள் கண்ணாடியாகிவிட்டதில்
பின்னால் இருக்கும் பாலைவனம் தெரிகிறது,
முன்னால் இருக்கும் சொல் தெரியவில்லை.
தேடல் மட்டும், சொல்லத்தான் வேண்டும்,
நான் தட்டி முடிக்குமுன் கண்டுபிடித்துவிடுகிறது.
எதையோ தேடப்போக, கேட்காமலே
பழையது ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது:
விவாகரத்துக்கு முந்தைய வாரம்
இரண்டு பேருக்காக எழுதிய மளிகைப் பட்டியல்.
மூடினேன். மூடுவதற்கும் ஓர் அழகான அசைவு வைத்திருக்கிறார்கள்.

என் நிரலைத் திறந்தேன்.
மீன் ஏலத்துக்கு லேபிள் அடிக்கும் சின்ன நிரல்,
ஒன்பது வருடமாக நான் ஒருத்தியே எழுதுவது.
படகு, மாலுமி, மீன், எடை, பிடித்த நேரம்.
அவ்வளவுதான்.

இதை உருவாக்கியவர் யாரென்று தெரியவில்லை
என்றது என் கணினி, என்னிடம்.
குப்பைக்கு அனுப்பிவிடவா என்றும் கேட்டது,
மிக மரியாதையாக.

அனுமதித்தேன்.
ஆவணங்களைப் பார்க்க அனுமதி,
தராசோடு பேச அனுமதி,
அச்சுப்பொறியோடு பேச அனுமதி,
இனி இப்படிக் கேட்பதற்கும் ஓர் அனுமதி.
மறுபடி தொகுத்தால்
இருநூற்றுப் பதினான்கு எச்சரிக்கைகள்.
ஒன்றைத் தொட்டால் ஒன்பது அவிழ்ந்தது.
ஒரு மணிக்கு ஓடியது. கைதட்ட ஆளில்லை,
பூனை ரேடியேட்டர்மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

சோதனைக்கு எய்யுனின் லேபிளை அடித்தேன்.
அவன் பெயரின் நடுவில் ஓர் எழுத்து உண்டு,
முதுகு வளைந்து, தலையில் குறுக்குக் கட்டை சுமப்பது.
எழுதுவோம், உச்சரிக்க மாட்டோம்.
அந்த இடத்தில் ஒரு வெறும் சதுரம்.
ஆள் காலிசெய்துபோன வீட்டின் ஜன்னல்.

முறையிட்டு எழுதினேன்.
பதில் உடனே வந்தது, அங்கே அப்போது பகல்.
எத்தனை பயனர்களைப் பாதிக்கிறது?
ஐம்பத்தைந்தாயிரம் என்று எழுதினேன்.
செம்மறியாடுகளைச் சேர்க்கவில்லை.
குறைந்த முன்னுரிமை என்று குறித்துவிட்டு
நன்றியும் சொன்னான், நல்ல பிள்ளை.

நாலரைக்கு எய்யுனின் அழைப்பு.
காற்றுக்கு நடுவே கத்தினான்:
ஐந்துக்குக் கரை, நூற்றிருபது பெட்டி, எல்லாம் கோட் மீன்.
சதுரத்தைச் சொன்னேன். சிரித்தான்.
'ஒலிக்காத எழுத்துதானே ரன்வா, விடு.
மீனுக்கா தெரியப்போகிறது?'

விடலாம்தான்.
பழைய மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்
காரில் வைத்தேன்.
கீல் உடைந்தது, பேட்டரி வீங்கியது,
மூன்று பதிப்பு பின்தங்கியது.
துறைமுகத்தில் பிளக் குத்தியதும்
என் நிரலைத் திறந்தது, யார் என்று கேட்காமல்.

நூற்றிருபது லேபிள்.
எய்யுன் ஒவ்வொன்றாக ஒட்டினான்,
தன் பெயரைப் படிக்காமலே.
ஐஸ் உருகி மை கொஞ்சம் கலைந்தது.
வாங்க வந்தவர்கள் எடையை மட்டும் பார்த்தார்கள்.

கடைசிப் பெட்டியின்போது
திரையின் ஓரத்தில் ஒரு பட்டை எழும்பியது,
அதன் மூலைகளும் உருட்டியிருந்தன:
புதிய பதிப்பு தயார். இன்றிரவு நிறுவவா?
கையெல்லாம் செதில்.
சுண்டுவிரல் முட்டியால்
'பிறகு' என்பதை அழுத்தினேன்.
முதல் தடவை பதியவில்லை.
இன்னொரு தடவை.